பெட்டிக்குக் காட்டிய வெள்ளை

“பொய் சொல்லுது, டீச்சர்.”

அருளப்பன் மூன்றாவது முறையாகப் பெட்டியின் திருகாணிகளைக் கழற்றினார். பழைய டிபன் டப்பா. உள்ளே ஒரு சின்ன விளக்கு, நிறம் பார்க்க நகமளவு சில்லு, இரண்டு பேட்டரி. ஒவ்வொரு முறையும் வெள்ளைத் தாளை முதலில் காட்ட வேண்டும். பிறகு நசுக்கிய மல்பெரிப் பழத்தை வைத்தால், அந்த வெள்ளையோடு ஒப்பிட்டு, நிறமி எவ்வளவு என்று எண்ணாகச் சொல்லும். எண்பதைத் தாண்டினால் பறிக்கலாம்.

ஐம்பத்தெட்டு வயதுவரை ரேடியோ பழுது பார்த்தவர் அவர். செண்பகவல்லியிடம் இப்படிக் கருவி செய்யப் படிக்க வந்து ஒரு வருடம் ஆகிறது. டீச்சருக்கு முப்பத்தொன்று.

“ஒரே செடிப் பழம். முதல்ல எண்பத்துநாலு. அப்புறம் எழுபத்தொண்ணு. இப்ப அறுபத்திரண்டு.”

வாசலில் ஐந்து பெண்கள் கூடைகளோடு நின்றார்கள். மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது. மழை விழுந்தால் பழமெல்லாம் உதிர்ந்துவிடும்.

“என் கண்ணு போதும்ணே. கனிஞ்சாச்சு,” என்றாள் முன்னால் நின்ற குருவம்மாள்.

“போன தடவை அஞ்சு பேரும் அஞ்சு விதமாச் சொன்னீங்க. பாதிக் கூடை செங்காய். அதுக்குத்தானே இதைச் செஞ்சேன்?”

“நாங்க அஞ்சு பேரு, அஞ்சு விதம். உம்ம பொட்டி ஒத்தையா நின்னு மூணு விதம் சொல்லுதே!”

பெண்கள் சிரித்தார்கள். அருளப்பன் குரலைத் தாழ்த்தினார்.

“இன்னிக்குத் தப்பினா இனி இதை யாரும் தொட மாட்டாங்க, டீச்சர்.”

“எத்தனை பழம் தின்னீங்க?”

“நானா? ஒண்ணுகூட இல்லை.”

“நாக்கை நீட்டுங்க.”

நீட்டினார். கருநீலம். குருவம்மாள் கூடையைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“ருசி பார்த்தேன். நாலஞ்சு.”

“வெள்ளைன்னு பெட்டிக்கு எதைக் காட்டுறீங்க?”

தாளைக் கொடுத்தார். செண்பகவல்லி நோட்டிலிருந்து புதுத் தாள் ஒன்றைக் கிழித்து அதன் பக்கத்தில் வைத்தார்.

பழைய தாள் வெளிர் ஊதாவாக இருந்தது. ஓரமெல்லாம் பெருவிரல் ரேகை.

அருளப்பன் தன் விரல்களைத் திருப்பிப் பார்த்தார். பிறகு பெட்டியை மூடி, புதுத் தாளைக் காட்டி, பழத்தை வைத்தார்.

எண்பத்தாறு.

“அப்பவே சொன்னேன்ல!” என்றாள் குருவம்மாள்.

“பொட்டியும் அதைத்தான் சொல்லுது!” அருளப்பனுக்கு இப்போது சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் கேட்டார்.

“காலையில இருந்து அந்தத் தாள் என் கையிலதான் இருக்கு. எனக்கு வெள்ளையாத்தான் தெரிஞ்சுது. நாளைக்கு இதுவும் கறையானா நான் எப்படிக் கண்டுபிடிக்க, டீச்சர்?”

“உங்க நாக்கை யார் பார்த்தாங்க?”

அருளப்பன் புதுத் தாளைக் குருவம்மாளிடம் நீட்டினார். “இதை நீ வச்சுக்க. கறை தெரிஞ்சா சொல்லு.”

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, தாளை ஓரமாகப் பிடித்து வாங்கினாள்.