சிவப்பி ஆள்காட்டி ஆனது

பறவைக்கும் விலங்குக்கும் மனிதனுக்கும் பேச்சு ஒன்றாகவே இருந்த அந்தக் காலத்தில், ஒரு குளக்கரைப் பொட்டலில் நீண்ட மஞ்சள் கால்களோடு ஒரு பறவை வாழ்ந்தது. கண்ணோரம் தோல் சிவந்து மடிந்திருந்ததால் எல்லோரும் அதைச் சிவப்பி என்றார்கள். அது சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. கேட்டதற்கு மட்டும், அதுவும் மெதுவாகப் பதில் சொல்லும்.

சிவப்பிக்குக் கூடு கட்டத் தெரியாது. வெறுந்தரையில் முட்டையிட்டு, கல்லோடு கல்லாகக் கிடக்கட்டும் என்று விட்டுவிடும். யாராவது நெருங்கி வந்தால் ஒரு சிறகைத் தொங்கப்போட்டு நொண்டிக்கொண்டே ஓடும். அடிபட்ட பறவை, எளிதாகப் பிடித்துவிடலாம் என்று வந்தவர் பின்னாலேயே போவார். முட்டையை விட்டுத் தொலைவு போனதும் சிவப்பி விருட்டென்று பறந்துவிடும். அதன் தாயும் அப்படித்தான் செய்தாள். யோசித்துச் செய்கிற காரியம் இல்லை அது, உடம்பே செய்துவிடும்.

அந்த வருடம் ஆடு மேய்க்க வந்த மாடத்தி முட்டைகளைப் பார்த்தாள். ஆடுகள் மிதித்துவிடாதபடி சுற்றிலும் முள் வெட்டிப் போட்டாள்.

“உனக்கும் எனக்கும் இந்த வருசம் ஒரே சோலிதாம்டி” என்று தன் வயிற்றைத் தடவிக்கொண்டு சிரித்தாள். சிவப்பிக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போனது.

அப்போது அந்த நாட்டு ராசா மலைமேல் கோட்டை கட்டிக்கொண்டிருந்தார். கல் சுமக்க ஊர் ஊராக ஆள் பிடித்தார்கள். போனவர்களில் ஒருவரும் திரும்பி வரவில்லை. ஆள் பிடிப்பவர்கள் பக்கத்து ஊருக்கு வந்துவிட்டார்கள் என்று தெரிந்ததும், மாடத்தியின் புருசன் வேலாண்டி குளக்கரைத் தாழம்புதருக்குள் போய் ஒளிந்துகொண்டான்.

மாடத்தி சிவப்பியிடம் வந்தாள். “ஆள் வந்தா ஒரே ஒரு சத்தம் குடு தாயி. எம் வீட்டுக்காரவுக அந்தப் பக்கமா தண்ணிக்குள்ள எறங்கி நாணலுக்குள்ள போயிருவாக. அவனுவ கண்ணுக்குத் தட்டுப்படாது.”

“குடுக்கேன் அக்கா. நீ நிம்மதியாப் போ.”

புதரடியில் வெயில் காய்ந்துகொண்டிருந்த உடும்பு தலையைத் தூக்கியது. “ஒனக்கு ஒரு கூடு கட்ட வக்கில்ல. நீ ஊருக்குக் காவலாக்கும்!”

“அந்த உடும்பு வாயி அப்படித்தான். நீ கண்டுக்கிடாத” என்றான் புதருக்குள்ளிருந்து வேலாண்டி. அவன் குரலிலும் சிரிப்பு இருந்தது.

சிவப்பி மேட்டில் ஏறி நின்றது. கத்த வேண்டிய சத்தத்தை மனதுக்குள் பலமுறை கத்திப் பார்த்தது. சரியாக வரும் என்றே தோன்றியது.

உச்சிப்பொழுதில் அவர்கள் வந்தார்கள். நேராகப் பாதையில் போயிருந்தால் சிவப்பி கத்தியிருக்கும். ஆனால் தலைவன் பொட்டலின் நடுவில் கிடந்த முள்ளைப் பார்த்துவிட்டான்.

“ஏலே, வெறும் பொட்டல்ல எவன்ல முள்ளு வெட்டிப் போட்டிருக்கான்? உள்ள என்னத்தையோ பொதைச்சு வச்சிருக்கானுவ. கிளறிப் பாரு.”

ஒருவன் ஈட்டியால் முள்ளை ஒதுக்கினான். அவன் கால் முட்டைகளுக்கு மேலே வந்தது.

சிவப்பி வாயைத் திறந்தது. சத்தம் வரவில்லை. அதற்குள் சிறகு தொங்கிவிட்டது, கால்கள் ஓடத் தொடங்கிவிட்டன.

“ஏ, நொண்டிப் பறவைடா! ராத்திரிக்குக் குழம்பாச்சு!” ஈட்டிக்காரன் முள்ளை விட்டுவிட்டுத் துரத்தினான். மற்றவர்களும் சிரித்துக்கொண்டே கூட ஓடினார்கள்.

அந்தப் பொட்டலில் மறைவு என்று இருந்தது தாழம்புதர் ஒன்றுதான். முட்டையிட்ட நாள் முதல் சிவப்பி யாரை இழுத்துப் போனாலும் அந்தப் பக்கம்தான் போகும். இப்போதும் கால்கள் அங்கேதான் போயின. புதர் நெருங்கி வருவதைப் பார்த்த பிறகுதான் தான் எங்கே ஓடுகிறோம் என்று அதற்கு உறைத்தது. விருட்டென்று மேலே எழும்பியது. ஈட்டிக்காரன் எட்டிப் பிடிக்கப் பாய்ந்து தாழைக்குள் விழுந்தான். விழுந்த இடத்தில் ஒரு மனிதக் கால் தெரிந்தது.

வேலாண்டியைக் கயிற்றில் கட்டி வெளியே இழுத்தார்கள். அவன் திமிறவில்லை. மேலே வட்டமிட்ட பறவையை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தான். அவ்வளவுதான்.

தலைவன் மடியிலிருந்து ஒரு பிடி கம்புத் தானியத்தை எடுத்துத் தரையில் வீசினான். “நமக்குன்னு ஒரு ஆள்காட்டி கெடைச்சிருக்குடா! தின்னு தாயி, தின்னு!”

ஒளிந்திருப்பவனைக் காட்டிக்கொடுத்துக் கம்பைக் கூலியாக வாங்குகிறவனை அவர்கள் அப்படித்தான் அழைப்பார்கள். ஊர்க்காரர்கள் அந்தச் சொல்லை வாயால்கூடச் சொல்லமாட்டார்கள்.

பொழுது சாயக் கஞ்சிக் கலயத்தோடு மாடத்தி வந்தாள். புதர் கலைந்து கிடந்தது. தரையெல்லாம் கம்பு சிதறியிருந்தது.

“சத்தம் குடுத்தியா?”

“இல்லக்கா.”

“ஏன்?”

சிவப்பி முட்டைகள் இருந்த பக்கம் பார்த்தது. மாடத்தி அங்கே நடந்து போனாள். விலகிக் கிடந்த முள்ளுக்கு நடுவே நான்கும் உடையாமல் இருந்தன. அவள் காலைத் தூக்கினாள். வெகுநேரம் அப்படியே நின்றாள். பிறகு பக்கத்தில் ஊன்றினாள்.

“ஒம் பிள்ளைக பொழைச்சுக்கிடுச்சு. எம் பிள்ளை யாரைப் பாத்து அப்பான்னு கூப்பிடும்? சொல்லேன், ஆள்காட்டி.”

கஞ்சியை மண்ணில் கொட்டிவிட்டு ஊரைப் பார்த்து நடந்தாள். அவள் முதுகு மறையும்போதுதான் அந்தச் சத்தம் சிவப்பியின் தொண்டையை விட்டு வந்தது. பொட்டல் முழுக்கக் கேட்டது. கேட்க வேண்டியவன் மலையடிவாரம் போய்விட்டிருந்தான்.

குஞ்சுகள் பொரிந்து, வளர்ந்து, பறந்தும் போயின. சிவப்பியின் அலறல் ஓயவில்லை. மாடத்தி அந்தப் பக்கம் ஆடு ஓட்டிக்கொண்டு வரவே இல்லை.

அன்று பிடித்துக்கொண்டதுதான் இது: இன்றைக்கும் பகலோ இரவோ, பொட்டலில் ஒரு மனிதத் தலை தெரிந்தால் போதும், வருவது யார் என்றுகூடப் பார்க்காமல் அந்தப் பறவை தொண்டை கிழியக் கத்துகிறது. ஒளிந்திருப்பவன் தப்பிக்கட்டும் என்றுதான் கத்துகிறது. தேடி வருகிறவனோ சட்டென்று நின்று காதுகொடுக்கிறான். அங்கே ஆள் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, சத்தம் வந்த திசைக்கே நடக்கிறான்.