டாக்டர் சொன்ன ஜோக்

மனசைப் படிப்பதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்பது டாக்டர் சபாபதியின் நினைப்பு. சோதனைக்கு வருகிறவர்களிடம் முதலில் ஒரு ஜோக் சொல்வார்.

ஆட்டிசம் உள்ள முப்பது வயது இளம்பரிதி, முதியோர் இல்லத்து வேலைக்குத் தகுதிச் சான்றிதழ் கேட்டு இரண்டாம் முறையாக வந்திருந்தான். ஜோக்குக்குச் சிரித்தான். கண்கள் மட்டும் தெரியும் படங்களைக் காட்டி, எது கோபம், எது வருத்தம் என்று டாக்டர் கேட்டதும் திருதிருவென்று விழித்தான்.

“அடுத்தவங்க மனசு உனக்குப் புரியாதுப்பா. சான்றிதழ் தர முடியாது.”

“சார், போன தடவையும் இதே ஜோக்தான் சொன்னீங்க. எனக்குச் சிரிப்பே வரல. சிரிக்கலைன்னா உங்க முகம் வாடிடுமேன்னுதான் ரெண்டு தடவையும் சிரிச்சேன்.”

டாக்டர் சான்றிதழில் கையெழுத்துப் போட்டார்.

சாயங்காலம் வீட்டில் அதே ஜோக்கைச் சொன்னார். கல்யாணமான நாளிலிருந்து அதற்குச் சிரித்துவரும் மனைவி அன்றும் சிரித்தாள். டாக்டர் அவள் கண்களையே பார்த்தார். ஒன்றும் புரியவில்லை.