ஒரு சோறு பதமா?

இதில் ஒரு சொல் பொய்யென்றால் என் மீசை உதிரட்டும். ஊருக்குப் புதிதாக வந்த செங்கமலத்தின் கஷாயத்துக்கு இருமல்காரர்கள் கூட்டமாகப் போனார்கள். ஜமீன் வைத்தியர் வைகுந்தருக்கு வயிறு எரிந்தது.

"எஜமான், ஒருத்தனுக்கு அவள் கஷாயத்தைக் கொடுத்துப் பார்த்தேன். இருமல் நிற்கவில்லை. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். இவளைத் துரத்துங்கள்" என்றார் ஜமீந்தாரிடம்.

ஜமீந்தார் ஆளனுப்ப, செங்கமலம் வந்து கும்பிட்டாள். "சரிங்க. வைத்தியரய்யா லேகியத்தையும் ஒரே ஆளுக்குக் கொடுப்போம். ஆளை நான் காட்டறேன்."

வைத்தியர் பதறினார். "ஒருத்தன் எப்படிப் போதும்? உடம்புக்கு உடம்பு மாறும். நூறு பேராவது வேண்டாமா?"

"அதைத்தானுங்க சொல்றேன். பானைச் சோறு ஒரே அடுப்புல வேகுது. மனுசன் ஒவ்வொருத்தனும் தனிப் பானை."

ஜமீந்தார் சிரித்து, இரண்டு மருந்தையும் நூறு நூறு பேருக்குக் கொடுக்கச் சொன்னார். கஷாயம் குடித்தவர்களில் பெரும்பாலோர் தேறினார்கள். லேகியம் தின்றவர்கள் இன்னும் இருமுகிறார்கள். செங்கமலம் ஊரிலேயே இருக்கிறாள்.

சொன்னது நான் என்று மட்டும் வெளியே விடாதீர்கள். வைத்தியர் எனக்குச் சம்பந்தி.