எதிர்ப்பக்கம் நின்று படிக்கவும்

தவசி, இருளப்பன், கொம்பையா மூவரும் கூட்டுச் சேர்ந்து பஸ் ஸ்டாண்டு ரோட்டில் இட்லிக் கடை வைத்தார்கள். தங்கமான மனுஷர்கள். யார் எதைச் சொன்னாலும் சொன்னபடியே செய்வார்கள். தொந்தரவே அங்கேதான்.

கவலை அதிகம் தவசிக்குத்தான். "ஒரு மாசம் பார்ப்பேன் மாப்பிள்ளை. கடை தேறலைன்னா பேசாம என் செங்கல் சூளைக்கு வந்துடணும்" என்று மாமனார் கறாராகச் சொல்லியிருந்தார். சூளையின் வெக்கையைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம், மாமனார் வாயை யார் தாங்குவது? நல்ல போர்டு வைத்தால் கூட்டம் வரும் என்று யாரோ சொல்ல, மூவரும் ஃப்ளெக்ஸ் கடைக்குப் போனார்கள்.

டிசைன் போடும் எஸ்தர் முதலில் காட்டிய எழுத்து சுழித்துச் சுழித்து ஓடியது.

"அழகுதான். ஆனா இதைப் பார்த்துட்டு வர்றவன் ஜாங்கிரியில்ல கேட்பான்," என்றான் இருளப்பன்.

அடுத்தது ஒல்லி எழுத்து. கொம்பையா வெகுநேரம் யோசித்தான். "நம்ம இட்லியைத் தின்னுதான் இப்படி இளைச்சுப் போச்சுன்னு பேச்சு வரும்."

தவசிக்கு இரண்டுமே நியாயமாகப் பட்டன.

எஸ்தர் பொறுமைசாலி. "அண்ணே, உங்களுக்குக் கொட்டை எழுத்துதான் சரி. எழுத்தைச் சுத்திக் காலி இடம் விடணும். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்னு படிக்கணும். அவ்வளவுதான்."

போர்டு வாசலுக்கு மேலே ஏறியது. உடனே இருளப்பன் வாசலைச் சுற்றிக் கயிறு கட்டினான். ஓர் ஆட்டோக்காரர் பசியோடு வந்து கயிற்றைத் தூக்கினார்.

"அண்ணே, அது எழுத்துக்கு விட்ட இடம்," என்றான் தவசி பணிவாக.

அவர் நின்ற இடத்திலேயே அண்ணாந்து பார்த்தார்.

"இங்க நின்னு படிக்கக் கூடாதுண்ணே. எதிர்ப்பக்கம் போய்ப் படிங்க."

போனவர் அங்கிருந்த டீக்கடையிலேயே வடை தின்று பசியாறிவிட்டார். வந்தவர்கள் அத்தனை பேருக்கும் இதே கதைதான். இட்லி ஆறிக் கல்லாகிவிட்டது. தவசிக்கு அழுகையே வந்தது.

கூடிப் பேசினார்கள்.

"போர்டு மேல குத்தமில்லை. எல்லாரும் நல்லாத்தான் படிச்சாங்க," என்றான் கொம்பையா.

"ஆமா, நாமதான் தப்பான பக்கத்துல இருக்கோம்," என்றான் தவசி.

மறுநாளே அடுப்பும் இட்லிச் சட்டியும் ரோட்டைத் தாண்டின. போர்டு மட்டும் பழைய இடத்திலேயே, பூட்டிய கதவுக்கு மேலே இருந்தது.

மாமனார் வந்து அந்தப் பூட்டைப் பிடித்து ஆட்டினார்.

"மாமா, அங்க நின்னா எழுத்து சரியாத் தெரியாது. இங்க வாங்க," என்று எதிர்ப்பக்கத்திலிருந்து தவசி குரல் கொடுத்தான்.

வந்தார். நடந்ததை எல்லாம் கேட்டார். நாலு இட்லி தின்று முடித்தார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு சொன்னார். "மாப்பிள்ளை, கடை தேறினாலும் சரி, தேறாட்டியும் சரி, நீங்க இங்கேயே இருங்க. புண்ணியமாப் போகும், என் சூளைப் பக்கம் மட்டும் வந்துடாதீங்க."

தவசிக்குத் தலைகால் புரியவில்லை. எல்லாம் அந்த எழுத்தின் ராசி என்று சாயங்காலமே எஸ்தரிடம் ஓடி, அதே கொட்டை எழுத்தில் இன்னொரு போர்டு வாங்கி வந்து புதுக் கடையின் தலைக்கு மேலே மாட்டினான். மூவரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

"எங்க நின்னு படிக்கணும்னு சொன்னா எஸ்தர்?" என்றான் கொம்பையா.

இருளப்பன் இட்லிச் சட்டியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு, ரோட்டில் வண்டி வருகிறதா என்று இரண்டு பக்கமும் பார்த்தான்.