தலைக்கு ஒரு பெட்டி

ஆலங்கொல்லையில் அண்ணன் தம்பிகள் மூன்று பேர் இருந்தார்கள். மூவருக்கும் பொதுவில் ஒரு மூளை இருப்பதாகவும், அது மற்ற இருவரில் யாரிடமோ பத்திரமாக இருப்பதாகவும் ஒவ்வொருவரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். அதனால் யாருக்கும் கவலை இல்லை.

மூத்தவன் உத்திராபதி. எழுத்துக் கூட்டிப் படிப்பான். வீட்டில் படிக்கத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான் என்பதால் பொறுப்பு முழுவதும் அவன்மேல் விழுந்திருந்தது. அடுத்தவன் கலியபெருமாள். எதையும் முதலில் தூக்கிவிட்டு, எதற்காகத் தூக்கினோம் என்று பிறகு கேட்கிற ஆள். கடைசி தம்புசாமி. யார் என்ன சொன்னாலும் "அதானே" என்பான். உத்திராபதிக்கு மட்டும் கல்யாணம் ஆகியிருந்தது. அவன் பெண்டாட்டி செங்கமலம் பக்கத்து ஊர்க்காரி. அவள் வேற்றூர்க்காரி என்பதை நாம் மறந்துவிடக்கூடாது.

ஒருநாள் பினாங்கிலிருந்து கடிதம் வந்தது. அங்கே மளிகைக்கடை வைத்திருக்கும் பக்கிரிசாமி மாமா எழுதியிருந்தார். அம்மாவின் கூடப்பிறந்தவர். பிள்ளை குட்டி இல்லை. உத்திராபதி விரலை வைத்துக்கொண்டு உரக்கப் படித்தான்.

"எனக்குத் தள்ளவில்லை. கடையை இனி நீங்கள்தான் பார்க்கவேண்டும். நாலு பேருக்கும் கப்பல் சீட்டு வைத்திருக்கிறேன். ஆவணி ஐந்தாம் தேதி நாகப்பட்டினத்தில் கப்பல். அதை விட்டால் கடையை எதிர்க்கடைக்காரனுக்குக் கொடுத்துவிடுவேன். தலைக்கு ஒரு பெட்டிதான் ஏற்றுவார்கள். மனசைக் கல்லாக்கிக்கொண்டு பாதியை விட்டுவிட்டு வாருங்கள்."



"தலைக்கு எதுக்கண்ணே பெட்டி?" என்றான் கலியபெருமாள்.

"கடல்ல காத்து ஜாஸ்தி. சும்மா திறந்து போட்டா என்னத்துக்கு ஆகும்?"

"அப்ப உடம்புக்கு?"

உத்திராபதி கடிதத்தை மறுபடி பார்த்தான். "உடம்பைப் பத்தி மாமா ஒண்ணும் எழுதலை. அதை அப்படியே கொண்டு போகலாம் போலிருக்கு."

"அதானே," என்றான் தம்புசாமி.

மறுநாள் விடிந்ததும் தச்சர் சாம்பமூர்த்தி ஆசாரி வீட்டு வாசலில் மூன்று பேரும் வரிசையாகக் குனிந்து நின்றார்கள். ஆசாரிக்கு அவர்களை முப்பது வருஷமாகத் தெரியும். ஏன் என்று கேட்கும் பழக்கத்தை அவர் இருபத்தொன்பது வருஷத்துக்கு முன்பே விட்டுவிட்டார். நூலை எடுத்து மூன்று தலைகளையும் அளந்தார்.

"கழுத்துக்கு மட்டும் ஓட்டை விட்டாப் போதுமா, மூச்சுக்கும் விடணுமா?" என்றுதான் கேட்டார்.

"மூச்சுக்குன்னு மாமா எழுதலையே," என்றான் உத்திராபதி கவலையோடு.

நாலாம் நாள் பெட்டிகள் தயார். நல்ல வேப்பம்பலகை, பித்தளைக் கீல், முன்பக்கம் கதவு, அதற்கு ஒரு பூட்டு. முதலில் தம்புசாமிக்கு மாட்டிப் பார்த்தார்கள். கச்சிதமாக இருந்தது. பூட்டினார்கள். அப்புறம்தான் சாவியைத் தேடினார்கள்.

"சாவி எங்கேடா?"

பெட்டிக்குள்ளிருந்து கிணற்றுக்குள் பேசுவதுபோல் ஒரு சத்தம் வந்தது.

"என்னடா சொல்றே?"

மறுபடியும் அதே சத்தம். ஆசாரி பெட்டியில் காதை வைத்துக் கேட்டுவிட்டு நிமிர்ந்தார். "சாவி தொலைஞ்சுடக்கூடாதுன்னு வாயில போட்டுக்கிட்டானாம்."

"கெட்டிக்காரன்," என்று மெச்சினான் உத்திராபதி. "பெட்டிக்குள்ள இருக்கிற வரைக்கும் ஒருத்தன் கைக்கும் கிடைக்காது."

ஆசாரி உளியை எடுத்துக் கதவைப் பெயர்த்தபோது தம்புசாமியின் முகம் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்திருந்தது. மற்ற இரண்டு பெட்டிகளின் கதவையும் அவரே, கேட்காமலே, கழற்றி எறிந்தார். ஆக முகத்துக்கு ஒரு சன்னல் கிடைத்தது. பெட்டிக்கு அழகாக இருந்தது என்றுதான் சொல்லவேண்டும்.

அடுத்த வேலை பாதியை விடுவது. செங்கமலம் சந்தைக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து, கலியபெருமாள் ரம்பத்தை எடுத்தான். கயிற்றுக்கட்டிலை நடுவில் அறுத்தான். தலைமாட்டுப் பாதி பினாங்குக்கு, கால்மாட்டுப் பாதி வீட்டுக்கு. குடையை வகிர்ந்தான். பாயைக் கிழித்தான். செருப்பில் தொல்லை இல்லை. இடது கால் செருப்பையெல்லாம் விட்டுவிட்டார்கள். அம்மிதான் ரம்பத்துக்கு மசியவில்லை. கடைசியில் அம்மியும் குழவியும் சேர்ந்துதான் ஒன்று, ஆகவே குழவி பாதி என்று உத்திராபதி தீர்ப்புச் சொல்லிக் குழவியை மட்டும் மூட்டையில் வைத்தான்.

சுவரில் அப்பாவும் அம்மாவும் சேர்ந்து நின்று எடுத்துக்கொண்ட போட்டோ இருந்தது. அதன் முன்னால் மூன்று பேரும் திகைத்துப்போனார்கள்.

"நெடுக்க வெட்டினா அப்பாவோ அம்மாவோ, ஒருத்தர் தங்கிடுவாங்க," என்றான் கலியபெருமாள். அவன் குரல் உடைந்தது.

"குறுக்க வெட்டுவோம். ரெண்டு பேரும் பாதிப் பாதி வரட்டும்," என்றான் உத்திராபதி.

"மேல்பாதியா, கீழ்பாதியா?"

"மேல்பாதின்னா தலை வருது. தலை வந்தா அவங்களுக்கும் தலைக்கு ஒரு பெட்டி வேணும். கீழ்பாதியை எடுத்துக்க. காலைத் தொட்டுக் கும்பிடவும் வசதி."

செங்கமலம் கூடையோடு உள்ளே வந்தபோது மாமனார் மாமியார் இடுப்புக்குமேல் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தார்கள். இரண்டு கால் கட்டில் சுவரில் சாய்ந்து நின்றது. அவள் கூடையை மெல்ல இறக்கி வைத்தாள். புருஷன் முகத்தைப் பார்த்தாள். அவன் ஒரு கருங்கல்லை நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டு நின்றான். கண் கலங்கியிருந்தது.

"என்னங்க இது?"

"மனசைக் கல்லாக்கிக்கிட்டிருக்கேன். செங்கமலம், உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. கட்டினவ புருஷனுக்குச் சரிபாதின்னு நம்ம கல்யாணத்துல பெரியவங்க சொன்னாங்க. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"மாமா பாதியை விட்டுட்டு வரச் சொல்லிட்டார்."

அவள் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. "நான் உங்களுக்குப் பாதின்னா, எனக்குப் பாதி யாரு?"

"நான்தான்."

"அப்ப நானும் என் பாதியை விட்டுட்டுத்தானே போகணும்?"

உத்திராபதி கல்லைக் கீழே வைத்தான். இதில் ஏதாவது தப்பு இருக்கிறதா என்று சாயங்காலம் வரை யோசித்தான். ஒரு தப்பும் கிடைக்கவில்லை. அவன் அவளை விட்டுப் போகவேண்டும், அவள் அவனை விட்டுப் போகவேண்டும். அப்படியானால் யார் வீட்டில் இருப்பது? இதற்கு விடை தெரிவதற்குள் நாகப்பட்டினத்துக்கு வண்டி வந்துவிட்டது. வண்டிக்காரன் அவசரப்படுத்தியதில் நாலு பேருமே ஏறிவிட்டார்கள்.

நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது. தூரத்தில் நிற்கும். தோணியில் போய்த்தான் ஏறவேண்டும். கரையில் ஒரு குமாஸ்தா மேசை போட்டு உட்கார்ந்து சீட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று மரப்பெட்டிகள் கால் முளைத்து வருவதைக் கண்டு பேனாவைக் கீழே வைத்தார்.

"பெட்டியில என்ன இருக்கு?"

"தலை," என்றான் உத்திராபதி.

"தலையைத் தவிர?"

"வேற ஒண்ணுமில்லீங்க."

"பார்த்தாலே தெரியுது," என்றார் குமாஸ்தா. பிறகு பாதிக் குடையைப் பார்த்தார். பாதிக் கட்டிலைப் பார்த்தார். இரண்டு ஜோடிக் கால்கள் மட்டும் இருந்த போட்டோவைக் கையில் எடுத்து, புரட்டிப் பார்த்து, திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நம்மை நம்பவில்லையோ என்று உத்திராபதிக்குப் பயம் வந்துவிட்டது. மாமாவின் கடிதத்தை எடுத்துக் குமாஸ்தாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினான். அப்போது அவனுக்கு எதிரே நின்ற தம்புசாமி கத்தினான்.

"அண்ணே! கடுதாசிக்குப் பின்னாடியும் எறும்பு ஊருது!"

உத்திராபதி திருப்பினான். எறும்பு இல்லை, எழுத்து. இத்தனை நாளும் யாரும் பார்க்காத பின்பக்கத்தில் மாமா இரண்டே வரி எழுதியிருந்தார். "எப்பாடு பட்டாவது வந்து சேருங்கள். ஆனால் என் மானத்தை மட்டும் கப்பலேற்றிவிடாதீர்கள்."

மூன்று பெட்டிகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

"மாமாவோட மானம் நம்மகிட்டயா இருக்கு?" என்றான் கலியபெருமாள்.

"எனக்கு எப்படிடா தெரியும்? மூட்டையை அவிழு!"

மணலில் மூட்டைகளைக் கொட்டினார்கள். குழவியைப் புரட்டினார்கள். தலையணையைக் கிழித்துப் பஞ்சைத் துழாவினார்கள். காற்றில் பஞ்சு பறந்து குமாஸ்தாவின் மசிக்கூட்டில் விழுந்தது. மாமாவின் மானம் எப்படி இருக்கும், உருண்டையா தட்டையா என்று யாருக்கும் தெரியாததால் தேடுவதும் கஷ்டமாக இருந்தது. அதற்குள் கடைசித் தோணி வந்து நின்றுவிட்டது.

"அது ஒரு பேச்சுக்குச் சொல்றதுங்க," என்று செங்கமலம் சொல்லிப் பார்த்தாள். "வந்து ஏறுங்க."

"பேச்சு இல்லை, எழுத்து. மாமா கைப்பட எழுதியிருக்கார்," என்றான் உத்திராபதி. பிறகு குமாஸ்தாவின் முன்னால் கைகூப்பி நின்றான். "ஐயா, படிச்சவங்க நீங்க. எங்க மாமாவோட மானம் எதுன்னு நீங்கதான் பார்த்துச் சொல்லணும்."

குமாஸ்தா மீசையிலிருந்து பஞ்சை எடுத்துக்கொண்டிருந்தார். "தேடவே வேண்டாம்ப்பா. உங்க மூணு பேரையும் ஏத்தினாப் போதும். உங்க மாமா மானம் தன்னால கப்பலேறிடும்."

உத்திராபதிக்கு அப்போதுதான் விளங்கியது. அவன் தம்பிகளின் தோளில் கைபோட்டான். பெட்டியின் சன்னல் வழியாகக் கண்ணீர் வழிந்தது.

"டேய், நாமதான்டா மாமாவோட மானம்! அந்த மனுஷன் இதுவரைக்கும் வாய் திறந்து ஒரு வார்த்தை சொன்னதில்லையே."

"அதானே," என்று தம்புசாமியும் விம்மினான்.

மானம் எது என்று தெரிந்த பிறகு அதை ஏற்றக்கூடாது என்பதில் இரண்டு பேச்சுக்கு இடமில்லை. செங்கமலம் மூன்று பெட்டிகளையும் பார்த்தாள், பாதிக் கட்டிலைப் பார்த்தாள், தூரத்தில் நின்ற கப்பலைப் பார்த்தாள். அவள் அதிக நேரம் யோசிக்கவில்லை.

"அப்ப நான் போயிட்டு வர்றேங்க. வேளாவேளைக்குச் சாப்பிடுங்க. தூங்கும்போதாவது பெட்டியைக் கழட்டுங்க."

அவள் குரல் துக்கத்தில் நடுங்கியது என்று உத்திராபதி பிற்பாடு எல்லோரிடமும் சொன்னான். தோணிக்காரனைக் கேட்டால், அந்த அம்மாள் கப்பலைத் தொடும்வரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள் என்கிறான். யாருக்குத் தெரியும்.

கப்பல் புள்ளியாகி மறைந்தது. மூன்று பேரும் மணலில் உட்கார்ந்து ஆலோசித்தார்கள்.

"மாமா எப்பாடு பட்டாவது வரச் சொல்லியிருக்கார். கப்பல்ல ஏறக்கூடாதுன்னும் சொல்லியிருக்கார்," என்றான் கலியபெருமாள். "அப்ப எப்படிண்ணே போறது?"

உத்திராபதி அவனைப் பரிதாபமாகப் பார்த்தான். "காலை எதுக்குடா சாமி குடுத்திருக்கு?"

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். தண்ணீர் கணுக்கால் வரை வந்தது. இன்னும் பத்து எட்டு வைத்தார்கள். முழங்கால் வரை வந்தது. அதற்குமேல் ஒரு அலை வந்து மூன்று பெட்டிகளிலும் தண்ணீரை நிரப்பியதால் அங்கேயே நின்றுவிட்டார்கள்.

"இப்ப கடல் நிறைஞ்சிருக்கு," என்றான் உத்திராபதி. "கப்பல் அழுத்துதுல்ல, அதான் தண்ணி மேல வந்திருக்கு. அது பினாங்குல கரையேறினதும் வத்திடும். அதுவரைக்கும் வந்த தூரத்தை விட்டுடாம நிப்போம்."

அப்படியே நின்றார்கள். பசித்தால் கரையேறிச் சத்திரத்தில் சாப்பிடுவார்கள். விட்ட இடம் மறந்துபோகாமல் இருக்க அந்த இடத்தில் அடையாளமாக ஒரு நண்டை வைத்துவிட்டுப் போவார்கள். திரும்பி வரும்போது நண்டு கடல் பக்கம் நகர்ந்திருந்தால் சாப்பிட்ட நேரத்திலேயே இவ்வளவு தூரம் வந்துவிட்டோமா என்று சந்தோஷப்படுவார்கள். கரைப் பக்கம் நகர்ந்திருந்தால் பெருமூச்சு விட்டுப் பின்னால் போய் நிற்பார்கள்.

பத்து நாள் ஆனதும், மாமா கவலைப்படுவாரே என்று உத்திராபதி ஒரு கடிதம் போட்டான். "மாமாவுக்கு நமஸ்காரம். உங்கள் மானத்தைக் கப்பலேற்றவில்லை. நடந்து வந்துகொண்டிருக்கிறோம். இப்போது முழங்கால் வரை வந்தாயிற்று."

ஐப்பசி பிறந்த பிறகு பதில் வந்தது. தபால்காரர் ஒரு கையில் வேட்டியையும் மறு கையில் கடிதத்தையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கி வந்து கொடுத்தார். உத்திராபதி பெட்டிக்குள் வைத்து, நனையாமல், எழுத்துக் கூட்டிப் படித்தான்.

"செங்கமலம் வந்து சேர்ந்தாள். கெட்டிக்காரி. கடையை அவள் பெயருக்கே எழுதிவிட்டேன். எனக்கு இனி இங்கே வேலை இல்லை. நீங்கள் மூன்று பேரும் பாதி வழியில் வந்துவிட்ட பிறகு நான் சும்மா உட்கார்ந்திருப்பது மரியாதையா? உங்களை எதிர்கொண்டு அழைக்க இன்று காலை நானும் இந்தப் பக்கத்திலிருந்து இறங்கிவிட்டேன். எனக்கும் முழங்கால் வரை வந்துவிட்டது. நேரே வாருங்கள்."

மூன்று பேரும் கிழக்கே பார்த்தார்கள்.

"அண்ணே, மாமா எதிரே வந்து முட்டிக்கிட்டா?" என்றான் கலியபெருமாள்.

"வயசுல பெரியவர்டா. நாமதான் விலகணும்," என்றான் உத்திராபதி.

"அதானே," என்றான் தம்புசாமி.

மூன்று பேரும் மரியாதையாக நாலு எட்டு ஒதுங்கி, கடலில் மாமாவுக்கு வழி விட்டு நின்றார்கள்.