செத்துப்போன கம்ப்ரசர்

வண்டியில் ஏசி குளிரவில்லை என்றால் கம்ப்ரசர் செத்துவிட்டது என்று மக்கள் நம்புகிறார்கள். மனிதகுலத்தின் மாபெரும் பிழைகளில் இதுவும் ஒன்று. கட்டைவிரல் அளவுள்ள பிரஷர் சுவிட்ச் பழுதாகி, கேஸ் இல்லை என்று பொய் சொன்னாலே போதும். கம்ப்ரசர் அதை நம்பிச் சும்மா இருந்துவிடும்.

சொந்த வேன் ஓட்டும் இசக்கியம்மாளுக்கு இது தெரியும். மாலைக்குள் ஏசி ஓடாவிட்டால் கல்யாண வீட்டார் வேறு வண்டி பிடித்துவிடுவார்கள் என்பதும் தெரியும்.

பட்டறை முதலாளி ஞானதுரை கேஸை அளந்தார். சரியாகவே இருந்தது. உடனே தீர்ப்புச் சொன்னார்: "கம்ப்ரசர் செத்துப்போச்சு தாயி. புதுசுதான் போடணும்."

"போடுங்க அண்ணாச்சி. பழசை நான் கொண்டுபோறேன்."

"பழசு பட்டறைக்குத்தான், அதான் வழக்கம். செத்ததை வச்சு நீ என்ன செய்வே?"

"அடக்கம் பண்ணுவேன். நீங்க என்ன செய்வீங்க?"

ஞானதுரை ஸ்பானரை எடுத்தார். "எதுக்காவது உதவும்லா."

"அப்ப உயிர் இருக்குன்னு சொல்லுங்க. பாத்துருவோம்."

எஞ்சினை ஓடவிட்டு, ஏசியைப் போட்டு, பிரஷர் சுவிட்சில் செருகியிருந்த இணைப்பைக் கழற்றி, சுவிட்சைக் கேட்காமலே அதன் இரு முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் சேர்த்துப் பிடித்தாள். 'டக்' என்றது கம்ப்ரசர். வேனுக்குள் குளிர்காற்று வந்தது.

ஞானதுரை புது சுவிட்சை மாட்டினார். இசக்கியம்மாள் கல்யாண வீட்டுக்குக் கிளம்பினாள்.

போன வாரம் இதே பட்டறையில் புதுக் கம்ப்ரசர் போட்டிருந்த டாக்சிக்காரர் ஒருவர், அதுவரை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவர், தன்னுடைய பழைய கம்ப்ரசர் எங்கே என்று ஞானதுரையிடம் கேட்டார்.