இனாம் கேட்ட தலை

புன்னைவள நாட்டை ஆண்ட குஞ்சரபூபதி மகாராஜாவுக்கு இரண்டு பிரியம். ஒன்று, மாறுவேஷம் போட்டு ஊர் சுற்றுவது. இன்னொன்று, வியாழக்கிழமை சாயங்காலம் சபையைக் கூட்டிப் பாடுவது. மாறுவேஷத்தில் அவரைப் பாதி ஊர் கண்டுபிடித்துவிடும். பாட்டில் ராகத்தை மட்டும் ஒருத்தராலும் கண்டுபிடிக்க முடியாது.

ஒரு புதன்கிழமை மத்தியானம். நெல் வியாபாரி மாதிரி முண்டாசு கட்டிக்கொண்டு, அரண்மனை விகடகவி கூத்தபிரானோடு சந்தைப்பேட்டைச் சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தார் ராஜா. பரிமாறியவன் பேர் ஆண்டியப்பன். என்ன பரிமாறல்! ரசம் இலையை விட்டு ஓடப் பார்த்தால், ஓடி வந்து சோற்றால் அணை கட்டினான். ஒரு அப்பளம் நொறுங்குகிற சத்தம் கேட்டால் அடுத்த அப்பளம் வந்து விழுந்தது. ராஜா மூன்று ஆள் சாப்பாடு சாப்பிட்டார். கூத்தபிரான் முதலாளியிடம் காசைக் கொடுத்துவிட்டு, வெற்றிலை வாங்க வெளியே போனார்.

ஆண்டியப்பன் ராஜாவின் கைக்குத் தண்ணீர் ஊற்றினான். ஊற்றிவிட்டு நகரவில்லை. இளித்தான். வலது கை மெதுவாக மேலே போய், காதுக்குப் பின்னால் தலையைச் சொறிந்தது.

"என்னப்பா, பேன் தொல்லையா?" என்றார் ராஜா.

"இல்லீங்க மொதலாளி... ஏதாவது பார்த்துச் செஞ்சீங்கன்னா..."

ராஜா மடியைத் தடவினார். ராஜாக்கள் என்றைக்குக் காசு வைத்திருந்தார்கள்? கடை முழுக்க அவரையே பார்த்தது. வேர்த்து விறுவிறுத்து வெளியே ஓடி வந்தார்.

அந்த வெட்கம் அரண்மனை போய்ச் சேருவதற்குள் கோபமாகிவிட்டது. சாயங்காலமே தண்டோரா: "கூலிக்கு மேலே இனாம் எதிர்பார்த்துத் தலையைச் சொறிகிறவனுக்கு மொட்டை! முதல் மொட்டை, வெள்ளிக்கிழமை காலையில், சந்தைப்பேட்டை ஆண்டியப்பனுக்கு!"

ஆண்டியப்பன் அலறிக்கொண்டு கூத்தபிரான் வீட்டுக்கு ஓடினான். "சாமி! திங்கட்கிழமை எனக்குக் கல்யாணம். மொட்டைத் தலையோட மணவறையில உட்கார்ந்தா, வீட்டுல என்ன எழவு விழுந்துச்சோன்னு பொண்ணு வீட்டுக்காரங்க எந்திரிச்சுப் போயிருவாங்க! ஏழு வருசமா அலைஞ்சு கிடைச்ச பொண்ணு சாமி!"

"அழாதேடா. நாளைக்குச் சபைக்கு வந்து பின்னாடி நில்லு" என்று அனுப்பிவிட்டு, கூத்தபிரான் ராஜாவிடம் போனார்.

"மகாராஜா, நல்லா வேலை செஞ்சவன் ஒரு வார்த்தை, ஒரு காசு எதிர்பார்க்கிறது இயற்கை. எதிர்பார்க்காத மனுஷனே கிடையாது."

"ஏன் கிடையாது? நான் இருக்கேன்! நான் யாரிடமாவது எதையாவது எதிர்பார்த்ததை நீர் காட்டும். அவன் தலையை விட்டுடறேன்."

"சரி, மகாராஜா" என்று கும்பிட்டுவிட்டு, கூத்தபிரான் நேரே மந்திரிமார் வீடுகளுக்குப் போனார். "நாளைக்கு ராஜா பாடினதும் ஒருத்தரும் 'பேஷ்' சொல்லக்கூடாது. பழி என் மேல." பன்னிரண்டு வருஷமாய்த் தட்டித் தட்டி உள்ளங்கை காய்த்துப்போன மந்திரிகள், "இதுக்குக் கூலி வேணுமானாலும் தர்றோம்" என்றார்கள்.

வியாழக்கிழமை ராஜா பாடினார். ஆலாபனை செய்தார். ஒரு பிருகா உருட்டினார், அது உருண்டு எங்கேயோ போய்விட்டது. கடைசியில் மூச்சு வாங்க முடித்துவிட்டுச் சபையைப் பார்த்தார்.

சத்தமே இல்லை.

ராஜா இளித்தார். சபை தரையைப் பார்த்தது. தொண்டையைக் கனைத்தார். கடைசி அடியை இன்னொரு தரம் பாடினார். சபை விட்டத்தைப் பார்த்தது. அப்போது ராஜாவின் வலது கை மெதுவாக மேலே போனது. கிரீடத்தை ஒரு பக்கமாய்த் தள்ளியது. காதுக்குப் பின்னால்...

"சாமி! சாமி!" பின்னாலிருந்து துள்ளினான் ஆண்டியப்பன். "அதே சொறிதான் சாமி! நான் சொறியிற எடத்துலயே சொறியிறாரு!"

ராஜா தன் கையைப் பார்த்தார். கூத்தபிரானைப் பார்த்தார். குபீரென்று முகம் சிவந்தது. "தோத்துட்டேன்! சரி, இனிமேல் இனாம் கட்டாயம். கொடுக்காதவனுக்குத்தான் மொட்டை!"

சொல்லி வாய் மூடவில்லை, கூத்தபிரான் கையைக் காட்டினார். "பேஷ்! பேஷ்! பேஷ்!" என்று சபையே கத்தித் தீர்த்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டது.

"நான் இன்னும் பாடவே இல்லையேய்யா!"

"கட்டாயம்னு ஆனபிறகு பாட்டு எதுக்கு மகாராஜா? வரியைக் கட்டியாச்சு. இனி நீங்க பாடினாலும் ஒண்ணுதான், படுத்தாலும் ஒண்ணுதான்."

ராஜாவுக்கு அந்தப் பேஷ் உப்பில்லாத கஞ்சி மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் மீசையைத் தடவினார். "அப்போ இப்படி வைப்போம். வேலைக்காரனுக்கு முதலாளி வயிறு நிறையக் கூலி கொடுக்கணும், அது கட்டாயம். இனாம் கொடுக்கிறவன் மனசு. பேஷும் உங்க மனசு."

"பேஷ் மட்டுமா மகாராஜா, பாட்டைக் கேட்கிறதுமா?"

"அதுவும்தான்!" என்று தாராளமாய்ச் சொல்லிவிட்டு, ராஜா கண்ணை மூடிக்கொண்டு உருகி உருகி ஒரு பாட்டுப் பாடினார்.

கண்ணைத் திறந்தார். மண்டபம் காலி. விசிறி போடுகிறவனைக்கூடக் காணோம். வாசல் தூண் மறைவில் கூத்தபிரானின் தலைப்பாகை மட்டும் தெரிந்தது. நடு மண்டபத்தில் ஆண்டியப்பன் ஒருத்தன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான்.

ராஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "நீ ஒருத்தனாவது ரசிச்சியே அப்பா!"

"அதில்லீங்க மகாராஜா. எனக்கு மொட்டை கிடையாதுன்னு நீங்க இன்னும் வாயால சொல்லலியே. அதான் போக முடியல."

"கிடையாது, போ! பாவம், ரொம்பப் பயந்துட்டே. திங்கட்கிழமை உன் கல்யாணத்துக்கு நானே வந்து பாடறேன்!"

ஆண்டியப்பன் தடாலென்று காலில் விழுந்து தலையை நீட்டினான்.

"மகாராஜா, மொட்டையே அடிச்சிருங்க!"

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் கழன்று உருண்டது. தூணுக்குப் பின்னாலிருந்து கூத்தபிரானை இழுத்து வந்து, தன் கழுத்து முத்துமாலையைப் போட்டார். ஆண்டியப்பனுக்குக் கல்யாண வேஷ்டியும் பொண்ணுக்குப் பட்டும் கொடுத்தார். கல்யாணத்துக்கும் போனார். போய், சாப்பிட மட்டும் வாயைத் திறந்தார்.